முறிந்த இணைப்பும் நின்ற சிக்னலும்

ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் ஏர்செல்லும் தங்கள் செல்போன் தொழிலை ஒன்றாக்கிக்கொள்ளச் செய்திருந்த ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது என்ற அறிவிப்பு 2017 அக்டோபர் 1 அன்று வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் காந்தி ஜெயந்தி. பங்குச் சந்தை செவ்வாய்க்கிழமைதான் திறந்தது. தமிழ்நாட்டில் அது நாளிதழ்களின் வணிகப் பக்கத்தைத் தாண்டாத செய்தி. டீக்கடைப் பேச்சுக்கு வரவில்லை. ஐந்து மாதம் கழித்து, 2018 பிப்ரவரி கடைசியில், அதே செய்தி வேறு உருவத்தில் வீடுகளுக்குள் வந்தது. செல்போன் திரையின் மூலையில் இருக்க வேண்டிய சிக்னல் கோடுகள் காணாமல் போயிருந்தன. பங்கு வைத்திருந்தவருக்கு இணைப்பு முறிந்தது செவ்வாய்க்கிழமை காலையிலேயே தெரிந்தது. கடன் கொடுத்த வங்கிக்குத் தவணை வராத மாதம் தெரிந்தது, டவர்க்காரருக்கு வாடகை நின்றபோது தெரிந்தது. சந்தாதாரருக்குத்தான் எல்லோருக்கும் கடைசியில் தெரிந்தது, அவருக்குத்தான் அதைச் சமாளிக்க அவகாசமும் இருக்கவில்லை.

ஏர்செல் தமிழ்நாட்டில் பிறந்த நிறுவனம். இந்தியாவில் செல்போன் சேவை 1995இல் தொடங்கியபோது சென்னைக்கு உரிமம் பெற்றவை இரண்டு: ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலார். 9840 என்று தொடங்கும் எண்கள் ஸ்கைசெல்லுக்கும், 9841 என்று தொடங்குபவை ஆர்பிஜிக்கும் போயின. அப்போது பேசுவதற்கு நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. வருகிற அழைப்புக்கும் காசு. செல்போன் வைத்திருந்தவர் அதை எடுத்துப் பேசுவதைவிட யார் கூப்பிட்டது என்று பார்த்துவிட்டு அருகிலிருந்த எஸ்டிடி பூத்துக்குப் போவது சாதாரணம். சென்னைக்கு வெளியே இருந்த தமிழ்நாடு தனித் தொலைத்தொடர்பு வட்டமாக இருந்தது. அங்கே கணினி வியாபாரத்தில் பெயர் எடுத்திருந்த ஸ்டெர்லிங் குழுமத்தின் சி.சிவசங்கரன் 1999இல் ஏர்செல் என்ற பெயரில் சேவையைத் தொடங்கினார். எண்கள் 9842 என்று தொடங்கின. 2003இல் சென்னையின் ஆர்பிஜி செல்லுலாரும் அவர் கைக்கு வந்தது. அதற்குள் ஸ்கைசெல்லை ஏர்டெல்லின் தாய் நிறுவனமான பாரதி வாங்கியிருந்தது. இப்படி 9841, 9842 என்ற இரண்டு வரிசைகளும் ஏர்செல்லின் அடையாளமாயின. இன்றைக்கும் தமிழ்நாட்டில் ஒரு பழைய விசிட்டிங் கார்டைப் பார்த்து, அதன் சொந்தக்காரர் எந்த ஆண்டு வாக்கில் செல்போன் வாங்கினார் என்று எண்ணை வைத்தே ஊகிப்பவர்கள் உண்டு.

வருகிற அழைப்புக்குக் கட்டணம் 2003 மே 1 முதல் போனது. அதற்குப் பிறகுதான் செல்போன் தறிக்காரர், கொத்தனார், பூக்காரர் கைகளுக்கு வந்தது. ஏர்செல் வளர்ந்ததும் இந்தக் கூட்டத்தை நம்பித்தான். மளிகைக் கடை, மருந்துக் கடை, ஜெராக்ஸ் கடை என்று எங்கு பார்த்தாலும் சரம் சரமாக டாப்-அப் கார்டுகள் தொங்கின. கார்டின் சாம்பல் பட்டையை நகத்தால் சுரண்டினால் எண் வரும். பிறகு அதுவும் போய், கடைக்காரர் தன் பட்டன் போனிலிருந்தே பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று ஏற்றிவிடும் முறை வந்தது. ரேட் கட்டர், ஃபுல் டாக்டைம், நைட் பேக் என்று ஒரு தனிச் சொற்களஞ்சியமே கடை வாசல்களில் உருவானது. இணையத்தைக் கணினியில் பார்த்தே இராத கல்லூரி மாணவர்களுக்கு ஏர்செல்லின் பாக்கெட் இன்டர்நெட் முதல் இணையமாக இருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டையில் பல பருவங்களாக இந்தப் பெயர் இருந்தது; சென்னை ஓப்பன் டென்னிஸ் போட்டியும் பல ஆண்டுகள் ஏர்செல் பெயரோடுதான் நடந்தது. விளம்பரத்துக்கும் வியாபாரத்துக்கும் நடுவே உள்ள கோடு அழிந்து, ஊர்க்காரர் ஒருவரின் நிறுவனம் போலவே அது பார்க்கப்பட்டது.

உண்மையில் அப்போது உரிமை கைமாறியிருந்தது. 2006இல் மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனம் ஏர்செல்லின் 74 சதவீதப் பங்கை வாங்கியது. மீதி 26 சதவீதம் அப்போலோ மருத்துவமனைக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களின் சிந்தியா செக்யூரிட்டீஸிடம் இருந்தது. மேக்சிஸின் அதிபர் த.ஆனந்தகிருஷ்ணன் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவர்; யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளி. முதன்மையாகத் தமிழ்நாட்டை நம்பியிருந்த நிறுவனத்தை இந்தியா முழுவதற்கும் கொண்டுபோவது அவர் திட்டம். அதற்குப் பணம் தண்ணீராகப் போனது. 2010 ஏலத்தில் 13 வட்டங்களுக்கான 3ஜி அலைக்கற்றைக்கு மட்டும் சுமார் 6,500 கோடி ரூபாய். எட்டு வட்டங்களில் அகண்ட அலைவரிசைக்கு மேலும் 3,400 கோடிக்கு மேல். அதே ஆண்டு ஜனவரியில் தன் 17,500 டவர்களை ஜிடிஎல் குழுமத்துக்கு 8,400 கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டு, அதே டவர்களில் வாடகைக்கு இருக்க ஒத்துக்கொண்டது. டவர்களை வாங்குவதற்கான நிறுவனத்துக்குச் சென்னை நெட்வொர்க் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்று பெயர். அன்று கைக்கு ரொக்கம் வந்தது. சொந்த வீட்டை விற்று அதிலேயே குடக்கூலிக்கு இருப்பவரின் நிலைமையும் கூடவே வந்தது. எட்டு ஆண்டு கழித்து சிக்னல் நின்றதற்கு இந்த விற்பனையும் ஒரு காரணம் என்பதை அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், சுருக்கமாக ஆர்காம், வேறு பாதையில் வந்தது. 2003இல் 501 ரூபாய் கட்டினால் செல்போன் என்று விளம்பரம் செய்து வீடு வீடாக நுழைந்த நிறுவனம் அது. சிடிஎம்ஏ தொழில்நுட்பம், சிம்மை மாற்ற முடியாத கருவிகள். 2005இல் அம்பானி சகோதரர்கள் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது தம்பி அனிலின் பங்காக வந்தது. 2008இல் தென்னாப்பிரிக்காவின் எம்டிஎன்னோடு இணையப் பேசியது. அண்ணன் முகேஷின் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ், ஆர்காம் பங்கை விற்றால் முதலில் கேட்கும் உரிமை தனக்கே என்று குறுக்கே நின்றது. 2008 ஜூலை 18 அன்று பேச்சு முடிந்துபோனது. அடுத்த ஆண்டு பாரதி ஏர்டெல் அதே எம்டிஎன்னோடு பேசி, அதுவும் 2009 செப்டம்பர் 30 அன்று கைவிடப்பட்டது. இரு நாட்டுப் பங்குச் சந்தையிலும் பதிவாக வேண்டும் என்று தென்னாப்பிரிக்க அரசு கேட்டதற்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை. இந்த இரண்டு முறிவுகளிலும் கைபேசியை வைத்திருந்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேசிய நிறுவனங்கள் இரண்டும் தனித்தனியே நிற்கும் பலத்தோடு இருந்தன. அறிவிப்பு வந்தது, பங்கு ஏறியது அல்லது இறங்கியது, அவ்வளவுதான். 2017இன் முறிவு அப்படிப்பட்டதல்ல.

ஆர்காமும் ஏர்செல்லும் பேசத் தொடங்கியது 2015 டிசம்பரில். தொண்ணூறு நாள் வேறு யாரோடும் பேசுவதில்லை என்ற உடன்பாட்டோடு தொடங்கிய பேச்சு, 2016 செப்டம்பர் 14இல் கையெழுத்தில் முடிந்தது. இடையில், செப்டம்பர் 5 அன்று, முகேஷ் அம்பானியின் ஜியோ சேவையைத் தொடங்கியிருந்தது. பேசுவது எப்போதுமே இலவசம், டேட்டா வருடக் கடைசி வரை இலவசம், பிறகு மார்ச் 31 வரை இலவசம். ஆறு மாதம் முடிவதற்குள் பத்துக் கோடிப் பேர் சேர்ந்தார்கள். பத்து ரூபாய் டாப்-அப்பை நம்பி நடந்த வியாபாரம் அந்த ஆறு மாதத்தில் ஆட்டம் கண்டது.

கையெழுத்தான ஒப்பந்தத்தின் கணக்கு இது. ஆர்காமின் செல்போன் பிரிவு தனியே பிரிந்து ஏர்செல்லோடு சேரும். புதிய நிறுவனத்தில் ஆர்காமுக்குப் பாதி, மேக்சிஸ் தரப்புக்குப் பாதி. இருவரும் ஆளுக்கு 14,000 கோடி ரூபாய்க் கடனை அதன் தலையில் ஏற்றுவார்கள். ஆக மொத்தம் 28,000 கோடி. சொத்து மதிப்பு 65,000 கோடி என்று அறிவித்தார்கள். இரண்டின் சந்தாதாரர்களையும் கூட்டினால் கிட்டத்தட்ட இருபது கோடி. பெயர் ஏர்காம் என்று பத்திரிகைகளில் அடிபட்டது. அந்த நாளில் இந்தியத் தொலைத்தொடர்பு வரலாற்றிலேயே பெரிய இணைப்பு என்று எழுதினார்கள். கணக்கை நிதானமாகப் பார்த்தால் வேறொன்று தெரியும்: இது இரண்டு பலசாலிகள் சேர்வதல்ல, மூழ்குகிற இருவர் ஒருவர் கையை ஒருவர் பிடிப்பது. சேர்ந்தால் செலவு குறையும், ஒரே ஊரில் இரண்டு டவர் வாடகை ஒன்றாகும், அலைக்கற்றை கூடும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒப்பந்தத்தின் முதல் வேலை கடனை இடம் மாற்றுவதாக இருந்தது.

அனுமதிகள் ஒவ்வொன்றாக வந்தன. 2017 மார்ச்சில் போட்டி ஆணையம் ஒப்புதல் கொடுத்தது. நீதிமன்றத்தில் வேறொரு சிக்கல் ஓடிக்கொண்டிருந்தது. ஏர்செல் மேக்சிஸுக்குக் கைமாறிய விதம் குறித்து சிபிஐ 2011இல் தொடுத்த வழக்கில் ஆனந்தகிருஷ்ணன் நேரில் வரவில்லை என்பதால், 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏர்செல்லின் 2ஜி அலைக்கற்றையைக் கைமாற்றத் தடை போட்டது. பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம் முன்னாள் மத்திய அமைச்சர் தயாநிதி மாறன், அவர் சகோதரர் கலாநிதி மாறன் உள்ளிட்டோரை வழக்கிலிருந்து விடுவித்தது. ஆனாலும் மாதங்கள் போய்க்கொண்டிருந்தன, நஷ்டம் ஏறிக்கொண்டிருந்தது. ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, தொலைத்தொடர்புத் துறைக்குக் கொடுத்த கடனை வங்கிகள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சொன்னது. ஆர்காமின் கடன் அப்போது சுமார் 45,000 கோடி. ஜூன் மாதத்தில் வங்கிகள் டிசம்பர் வரை அவகாசம் கொடுத்தன. ஏர்செல் இணைப்பால் 14,000 கோடியும், டவர்களை புரூக்ஃபீல்டுக்கு விற்பதால் 11,000 கோடியும் குறையும், கடனில் அறுபது சதவீதம் போய்விடும் என்பது அனில் அம்பானி அப்போது சொன்ன கணக்கு.

ஆட்சேபம் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் வந்தது. ஆர்காமின் நெட்வொர்க்கைப் பராமரித்துவந்த எரிக்சன், பாக்கியை வசூலிக்கத் திவால் மனுவே போட்டது. கடன் கொடுத்த வேறு சிலரும் வரிசையில் நின்றார்கள். அவர்கள் வாதம் எளிமையானது: செல்போன் தொழில் புதிய நிறுவனத்துக்குப் போய்விட்டால், பழைய நிறுவனத்தில் எங்கள் பாக்கியைக் கட்ட என்ன மிஞ்சும்? கல்யாணம் ஆவதற்கு முன்னால் கடனைத் தீர்த்துவிட்டுப் போ என்று வாசலில் உட்கார்ந்த கடன்காரர்களை மீறி இந்தக் கல்யாணம் நடக்கவில்லை.

அக்டோபர் 1 அறிவிப்பில் ஆர்காம் சொன்ன காரணங்கள் பல. சட்ட, ஒழுங்குமுறை நிச்சயமின்மை, சுயநலக்காரர்களின் குறுக்கீடு, முன்பு கண்டிராத போட்டி, இந்தத் துறைக்கு வங்கிக் கடன் கிடைப்பதைப் பாதிக்கும் புதிய கொள்கைகள். ஒப்பந்தம் இருதரப்புச் சம்மதத்தோடு காலாவதியானது என்ற வாசகமும் இருந்தது. யாரும் யாரையும் கைவிடவில்லை என்று காட்டவே அது. அதே அக்டோபர் 1 முதல், ஒரு நிறுவனத்தின் அழைப்பை இன்னொரு நிறுவனம் ஏற்பதற்குக் கொடுக்க வேண்டிய கட்டணம் நிமிடத்துக்கு 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகக் குறைந்ததும், இரண்டு செய்திகளும் ஒரே நாளில் வந்ததும் தற்செயல்தான். ஆனால் பழைய நிறுவனங்கள் எந்தத் திசையில் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தன என்பதை அந்த நாள் ஒரே பக்கத்தில் காட்டிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சந்தை திறந்ததும் ஆர்காம் பங்கு சரிந்தது. 2008 ஜனவரியில் 800 ரூபாயைத் தாண்டியிருந்த பங்கு அது. இப்போது இருபது ரூபாய்க்குக் கீழே இருந்தது. போட்டி நிறுவனங்களுக்கு இது காத்திருந்த செய்தி. பத்து நாளைக்குள் டாடா தன் செல்போன் தொழிலை ஏறக்குறைய இலவசமாக ஏர்டெல்லிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. வோடஃபோனும் ஐடியாவும் ஏற்கெனவே இணைப்பு வேலையில் இருந்தன. நவம்பரில் சீன வளர்ச்சி வங்கி ஆர்காம் மீது திவால் மனு போட்டது. டிசம்பர் 1 முதல் ஆர்காம் குரல் சேவையை நிறுத்தியது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் 501 ரூபாய் கட்டி வாங்கிய எண்ணை விடாமல் வைத்திருந்தவர்கள் வேறு நிறுவனம் தேடிப் போனார்கள். தமிழ்நாட்டில் ஆர்காமுக்கு அவ்வளவு பேர் இல்லாததால் இந்த முதல் அலை பெரிதாகத் தெரியவில்லை.

ஏர்செல் தனியே நின்றது. அதன் சந்தாதாரர்கள் அப்போதும் எட்டுக் கோடிக்கு மேல். ஆனால் கையில் காசு இல்லை, மேக்சிஸ் இனியும் பணம் போடத் தயாராக இல்லை. குஜராத், மகாராஷ்டிரம், ஹரியானா, இமாச்சலப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேச மேற்கு ஆகிய ஆறு வட்டங்களில் 2018 ஜனவரி 30 முதல் சேவையை மூடுவதாக அறிவித்தது. தெற்கில் தொடர்ந்து நடக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. பிறந்த வீட்டை விட்டுப் போகமாட்டான் என்பது போன்ற நம்பிக்கை அது. கணக்கில் அதற்கு ஆதாரம் இல்லை.

டவர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒரு டவர் ஒரு நிறுவனத்துடையது போலத் தெரியும். உள்ளே அப்படியில்லை. ஒரே டவரில் இரண்டு, மூன்று நிறுவனங்களின் ஆன்டெனாக்கள் தனித்தனி உயரத்தில் கட்டப்பட்டிருக்கும். கீழே கம்பிவேலிக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. எல்லாவற்றுக்கும் மின்சாரமும், மின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டரும் டவர்க்காரர் பொறுப்பு. வாடகையும் மின்கட்டணமும் மாதாமாதம் செல்போன் நிறுவனம் அவருக்குக் கட்ட வேண்டும். பாக்கி ஏறினால் டவர்க்காரர் செய்ய வேண்டியது ஒரு பெட்டிக்கான மின் இணைப்பைத் துண்டிப்பது மட்டுமே. மற்ற நிறுவனங்களின் சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது. பாக்கிதாரரின் சிக்னல் மட்டும் அந்த வட்டாரத்தில் அணையும். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்தது இதுதான்.

பிப்ரவரி 21ஐ ஒட்டிய நாட்களில் ஏர்செல் சிக்னல் மாநிலம் முழுவதும் விட்டுவிட்டுப் போனது, பிறகு பல இடங்களில் அடியோடு நின்றது. மதுரையில் கமல்ஹாசன் கட்சி தொடங்கிய வாரம் அது. தொலைக்காட்சிகள் முழுக்க அந்தச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, கீழே ஓடும் பட்டையில் ஏர்செல் இருந்தது. முதல் நாள் பெரும்பாலானவர்கள் செய்தது போனை அணைத்துப் போட்டதுதான். பிறகு சிம்மைக் கழற்றிச் சட்டையில் துடைத்துத் திரும்பப் போட்டார்கள், மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தார்கள். தன் போன் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் போனும் அப்படித்தான் என்று தெரிந்தபிறகு ஏர்செல் கடை வாசலில் கூட்டம் சேர்ந்தது. கோவை, சேலம், மதுரை, திருநெல்வேலி என்று பல ஊர்களிலும் அலுவலகங்கள் முற்றுகையிடப்பட்டன. சில இடங்களில் கதவைப் பூட்டிவிட்டு ஊழியர்கள் உள்ளே இருந்தார்கள். கோபத்தை வாங்கிக்கொண்டவர்கள் மாதச் சம்பளத்துக்குக் கவுன்டரில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள். அக்டோபரில் முறிந்த ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் அவர்கள் கையெழுத்து இல்லை.

எண்ணை விட்டுவிட்டு வேறு சிம் வாங்கிக்கொள்ளலாமே என்பது எளிய யோசனை. பிரச்சினை பேச முடியாததில் மட்டும் இல்லை. 2018க்குள் செல்போன் எண் ஒருவரின் முகவரியாகியிருந்தது. வங்கிக் கணக்குக்கு ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். காஸ் சிலிண்டர் பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிட்டால்தான் புக் ஆகும். ஆதாரில் விலாசத்தை இணையம் வழியாக மாற்றவும் அந்த எண்தான் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகன் கூப்பிடும் எண்ணும் அதுவே. கல்யாணப் பத்திரிகையிலும் கடைப் பலகையிலும் லாரியின் பின்புறத்திலும் எழுதி வைத்திருக்கும் எண் அது. பதினைந்து ஆண்டு வைத்திருந்த 9842 எண்ணைக் கைவிடுவது, வியாபாரிக்குக் கடையை வேறு தெருவுக்கு மாற்றுவதற்குச் சமம்.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருந்தது. போர்ட் என்று எழுதி ஒரு இடைவெளி விட்டு எண்ணைப் போட்டு 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். எட்டு எழுத்து, எண் கொண்ட ஒரு குறியீடு பதிலுக்கு வரும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். கவனித்தால் இதில் உள்ள ஓட்டை தெரியும். விலகிப் போவதற்கான குறுஞ்செய்தியை, விட்டு விலகப்போகும் நிறுவனத்தின் சிக்னலில்தான் அனுப்ப வேண்டும். சிக்னலே இல்லாதவர் அதை எப்படி அனுப்புவார்? சட்டம் எழுதியவர்கள், அதிருப்தி அடைந்த வாடிக்கையாளரை நினைத்து எழுதினார்கள். நிறுவனமே காணாமல் போகும் என்று நினைத்து எழுதவில்லை.

மக்கள் வழி கண்டுபிடித்தார்கள். எந்த இடத்தில் சிக்னல் ஒரு கோடு வருகிறது என்பது வாய்வழிச் செய்தியாகப் பரவியது. மேம்பாலத்தின் உச்சி, குன்றுக் கோயில் படிக்கட்டு, பேருந்து நிலையத்தின் ஒரு மூலை என்று அங்கங்கே கையை உயர்த்திப் போனைப் பிடித்தபடி நிற்கும் கூட்டத்தைப் பார்க்க முடிந்தது. குறியீடு வந்துவிட்டால் லாட்டரி அடித்த மகிழ்ச்சி. சாலையோரம் மற்ற நிறுவனங்களின் குடைகள் முளைத்தன. குடைக்குக் கீழே ஒரு ஸ்டூல், ஒரு ரேகைக் கருவி. ஆதார் எண்ணைச் சொல்லிக் கட்டைவிரலை வைத்தால் புது சிம். வேலை செய்து செய்து ரேகை தேய்ந்துபோன விரல்களை அந்தக் கருவி ஏற்காமல் திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னது. மனுக்கள் குவிந்ததால், வழக்கமாக ஒரு வாரத்தில் முடிந்துவந்த மாற்றம் பலருக்கு இழுத்துக்கொண்டே போனது. இதற்கிடையில் சமூக வலைத்தளத்தில் மீம்கள் குவிந்தன. வடிவேலு முகத்தைப் போடாமல் தமிழ்நாட்டில் எந்தப் பேரிடரும் கடந்து போவதில்லை.

பிப்ரவரி 28 அன்று ஏர்செல் லிமிடெட், ஏர்செல் செல்லுலார், டிஷ்நெட் வயர்லெஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் மும்பைத் தீர்ப்பாயத்தில் தாங்களாகவே திவால் மனு கொடுத்தன. புதிய போட்டியாளரின் வருகை, சட்டச் சிக்கல்கள், தாங்க முடியாத கடன், ஏறும் நஷ்டம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அக்டோபர் 1 அறிக்கையின் சாயல் அதில் தெரியும். விலகிப் போவோருக்குக் குறியீடு கிடைக்க ஏற்பாடு செய்யும்படி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. ஏப்ரல் 15 வரை கெடு. வாடிக்கையாளரின் மீதித் தொகையைத் திருப்பித் தரவும் சொன்னது. ஆனால் திவால் சட்டத்தில் பணம் பிரிக்கும் வரிசையில் முன்னால் நிற்பது வங்கி. முப்பது ரூபாய் பேலன்ஸ் வைத்திருந்தவர் அந்த வரிசையில் எங்கே நிற்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவரைவிட மோசமாக அடிபட்டவர்கள் ரீசார்ஜ் கடைக்காரர்களும் டிஸ்ட்ரிபியூட்டர்களும். மொத்தமாகப் பணம் கட்டி வாங்கி வைத்திருந்த ரீசார்ஜ் இருப்பு, விற்க ஆளில்லாமல் கருவிக்குள்ளேயே நின்றுபோனது. ஆயிரக்கணக்கில் தொடங்கிப் பல லட்சம் வரை அப்படி மாட்டிக்கொண்டது. அது வங்கிக் கணக்கில் இருந்த பணமும் அல்ல, அலமாரியில் இருந்த சரக்கும் அல்ல.

இன்னொரு நாட்டு அனுபவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் டி-மொபைலின் அமெரிக்கப் பிரிவை 3,900 கோடி டாலருக்கு வாங்குவதாக 2011 மார்ச் 20இல் அறிவித்தது. போட்டி குறைந்து கட்டணம் ஏறும் என்று நீதித்துறை ஆகஸ்ட் 31இல் வழக்குப் போட்டது. மூன்றாவது நிறுவனமான ஸ்பிரின்ட்டும் தனியாக வழக்குப் போட்டது. டிசம்பர் 19இல் ஏடி அண்ட் டி கைவிட்டது. நுகர்வோர் அமைப்புகள் வரவேற்றன, ஸ்பிரின்ட் கொண்டாடியது. ஒப்பந்தம் முறிந்தால் இழப்பீடு என்று முன்பே எழுதி வைத்திருந்ததால், டி-மொபைல் தரப்புக்கு 300 கோடி டாலர் ரொக்கமும் அலைக்கற்றையும் கிடைத்தன. அந்தப் பலத்தில் நிமிர்ந்த டி-மொபைல், சில ஆண்டுகளில் மற்றவர்களின் கட்டணத்தையும் இறங்க வைத்தது. அங்கே முறிவு வாடிக்கையாளருக்கு லாபமானது. காரணம், சேரப் பார்த்தவர்கள் மிகவும் பெரியவர்களாகிவிடுவார்கள் என்று தடுத்தது அரசு. இங்கே தடுத்தது கடன்காரர்கள். சேரப் பார்த்தவர்களிடம் எதுவும் மிஞ்சாது என்ற பயத்தில். முறிந்தால் இழப்பீடு கொடுக்கும் நிலையிலும் இருவரும் இல்லை.

ஆர்காமின் கதை மேலும் ஒரு முறிவைக் கண்டது. 2017 டிசம்பர் 28 அன்று தன் அலைக்கற்றை, டவர், ஃபைபர் சொத்துகளை அண்ணனின் ஜியோவுக்கே விற்க ஒப்பந்தம் போட்டது. பழைய பாக்கிகளுக்கு ஜியோ பொறுப்பேற்க வேண்டும் என்று அரசு கேட்டது, ஜியோ மறுத்தது. 2019 பிப்ரவரியில் எரிக்சன் பாக்கிக்காக அனில் அம்பானி நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்து, நான்கு வாரத்தில் 453 கோடி கட்டாவிட்டால் மூன்று மாதச் சிறை என்றது. மார்ச் 18 அன்று பணம் கட்டப்பட்டது. உதவிய அண்ணனுக்கு அவர் பகிரங்கமாக நன்றி சொன்னார். அன்றைக்கே ஜியோ ஒப்பந்தமும் முறிந்ததாக அறிவிப்பு வந்தது. 2017இல் ஏர்செல் இணைப்புக்கு எதிராக நின்ற அதே எரிக்சன்தான் இங்கும் கடைசி வரை நின்றது.

ஏர்செல்லின் மிச்சச் சொத்துக்கு யுவி ஏஆர்சி என்ற கடன் மீட்பு நிறுவனம் கொடுத்த திட்டத்தை 2020 ஜூனில் தீர்ப்பாயம் ஏற்றது. அதற்குள் சொல்லும்படி மிஞ்சியிருந்தது அலைக்கற்றை உரிமைதான். அது நிறுவனத்தின் சொத்தா, பாக்கி கட்டும் வரை அரசின் சொத்தா என்ற வழக்கு நீண்டது. ஆனந்தகிருஷ்ணன் இந்தியாவில் போட்ட பணம் 700 கோடி டாலர் வரை இருக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் 2024 நவம்பர் 28 அன்று காலமானார். சூதாட்டப் புகாரால் இரண்டாண்டு விலக்கப்பட்டிருந்த சென்னை சூப்பர் கிங்ஸ் 2018 ஏப்ரலில் களத்துக்குத் திரும்பி, அந்த ஆண்டே கோப்பையையும் வென்றது. மஞ்சள் சட்டையில் வேறு பெயர் இருந்தது.

9841, 9842 எண்கள் மட்டும் போகவில்லை. குடைக்குக் கீழே ரேகை வைத்து மீட்டெடுத்தவர்களிடம் அவை இருக்கின்றன. கோவையிலோ ஈரோட்டிலோ ஒரு பழைய மோட்டார் ரீவைண்டிங் கடையின் தகரப் பலகையில் வெயிலில் வெளிறிப்போன நீல எழுத்தில் 9842 என்று தொடங்கும் எண் இன்னும் இருக்கும். கூப்பிட்டால் மணி அடிக்கும். எடுப்பவர் அதே ஆள். அழைப்பு மட்டும் வேறு நிறுவனத்தின் டவர் வழியாகப் போய்ச் சேர்கிறது.